பத்தாவது புக்கு

"பத்து புக்கு, பதினாலு படம், ரெண்டு சீரிஸ், ஒரு கேம். இத்தனையும் ஒரே மாசத்துலயா?"

ரிசப்ஷன் பொண்ணு கண்ணை இவ்ளோ பெருசா விரிச்சுக் கேட்டதும் நம்மாளுக்குக் கால் தரையிலயே இல்ல. கையில ஆறு ரத்த டியூபோட லேப் நடுவுல அப்படியே நின்னுட்டான். அவ வேலைக்குச் சேர்ந்து மூணு வாரம் ஆகுது. 'குட் மார்னிங்' தாண்டி அவ வாயிலேர்ந்து வந்த மொத வார்த்தையே இன்னைக்குத்தான்.

"அதுல என்னங்க இருக்கு? மனசு இருந்தா நேரம் தானா வரும்." பெருந்தன்மையா சொல்லிட்டு, டியூபை எல்லாம் சுத்துற மெஷின்ல எதிரெதிரா அடுக்கி மூடினான். பத்து நிமிஷம் சுத்தும். அதுவரைக்கும் இவனுக்கும் வேற வேலை இல்ல.

எக்ஸ்ரே அண்ணன் கதவு வழியா தலையை மட்டும் நீட்டினாரு. "இவரு எங்க லேப்போட பேராசிரியரும்மா, சாதாரணமா நினைச்சிடாத. மாசா மாசம் ஒண்ணாந்தேதி க்ரூப்ல லிஸ்ட் வந்து விழுந்துடும். அதைப் பார்த்துப் பார்த்தே எங்களுக்கெல்லாம் வயிறு எரிஞ்சு போச்சு."

உண்மையச் சொல்லணும்னா, போன மாசம் நம்மாளு படிச்சது டாக்டருங்க சீட்டுல கிறுக்கினதை மட்டும்தான். பார்த்தது, அழுக்குக் கம்பளத்தைக் கழுவுற அரை நிமிஷ வீடியோ, ஒரு முந்நூறு இருக்கும். ஆடினது, கலர் கலரா முட்டை உடைக்கிற கேம். எண்ணூத்திப் பன்னெண்டாவது லெவல்ல நிக்கிறான்.

அப்போ லிஸ்ட்? அது ஒரு ப்ளாக்லேர்ந்து சுட்டது. எழுதுறவங்க பேரு கிடையாது, போட்டோ கிடையாது, எட்டிப் பார்க்கவும் ஆள் கிடையாது. மாசக் கடைசி ஆனா போதும், படிச்சது, பார்த்தது, ஆடினதுன்னு வரிசையா வந்துடும். எல்லாத்துக்கும் கீழ தனியா 'இன்னும் முடியல'ன்னு ஒரு தலைப்பு. அதுல பதினோரு மாசமா ஒரே நாவல்தான் உட்கார்ந்திருக்கு. 'மூணு குடையும் ஒரு மழையும்'.

இந்தத் தடவை 'படிச்சது'ல ஒன்பதுதான் இருந்துச்சு. என்னடா இது, மொட்டையா இருக்கேன்னு, கீழ கிடந்த அந்த நாவலைத் தூக்கி நம்மாளே மேல பத்தாவதா சொருகிட்டான்.

"ஒன்பது சரிங்க. அந்தப் பத்தாவது... குடை நாவல். அதையுமா முடிச்சிட்டீங்க?" அவ குரலே ஒரு மாதிரி இறங்கிப் போச்சு.

"ஒரே ஞாயித்துக்கிழமைல. கீழ வைக்கவே மனசு வரலங்க."

சொல்லிட்டானே தவிர, அந்த நாவலைக் கண்ணால பார்த்ததே இல்ல. மத்த ஒன்பதுக்கும் கதைச்சுருக்கம் தேடி மனப்பாடமே பண்ணி வச்சிருக்கான். இதுக்கு மட்டும் எங்க தேடியும் ஒரு அட்டைப்படம்கூட மாட்டல. புக்கு கடையில கேட்டா, கடைக்காரரு உதட்டைப் பிதுக்கிட்டாரு. அவ்ளோ அபூர்வமான புக்கு போலன்னு விட்டுட்டான்.

"பிடிச்சுதா?"

"பிடிச்சுதாவா? ரெண்டு நாளு சாப்பாடே எறங்கல."

அவ முகம் குப்புனு சிவந்துச்சு. "அதுல யாரை ரொம்பப் பிடிச்சுது?"

ஊசி குத்துறதுல நம்மாளு கெட்டிக்காரன். எப்பேர்ப்பட்ட கையா இருந்தாலும் விரலால தடவியே நரம்பைப் பிடிச்சிடுவான். இப்பவும் தடவிப் பார்த்தான். "அந்தப் பொண்ணைத்தான்." பொண்ணு இல்லாத நாவல் எங்க இருக்கு?

"அவளையா! நிஜமாவா?"

அப்பாடா. நரம்பு கிடைச்சிருச்சு.

அவ இன்னும் கிட்ட வந்து நின்னா. "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அந்த மூணாவது குடையை யாருங்க எடுத்தது? மண்டையப் போட்டு உடைச்சுக்கிட்டாலும் எனக்குப் பிடிபடவே இல்ல."

மெஷின் இன்னும் ரெண்டு நிமிஷம்னு காட்டுது. எக்ஸ்ரே அண்ணன் வேற, "நானும் கேக்குறேன், சொல்லுங்க பேராசிரியரே"ன்னு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துட்டாரு. இப்போ உளறினா நாளைக்கு மொத்த லேப்பும் சிரிக்கும். அதுகூடப் போகட்டும். இவ இனிமே 'குட் மார்னிங்'கூடச் சொல்ல மாட்டா.

நெத்தி வேர்வையைத் தோள்ல துடைச்சுக்கிட்டு, வாயில வந்ததைச் சொன்னான்.

"யாருமே எடுக்கல. மூணாவது குடைன்னு ஒண்ணு கிடையவே கிடையாதுங்க. இருக்கு, இருக்குன்னு அவதான் எல்லார்கிட்டயும் பெருமையடிச்சுக்கிட்டுத் திரிஞ்சா. கடைசில நிஜமாவே மழை பிடிச்சுக்கிச்சு. குடையைக் காட்டுன்னு கேட்டா, எங்க போவா பாவம்?"

இது எங்கேர்ந்து வந்துச்சுன்னு அவனுக்கே தெரியல.

"அடக் கொடுமையே!"ன்னாரு எக்ஸ்ரே அண்ணன்.

அவ இவன் கோட்டுப் பையில இருந்த பேனாவைச் சட்டுனு உருவி, மேஜை மேல கிடந்த ரிப்போர்ட் கவரைத் திருப்பிப் போட்டு, மளமளன்னு எழுத ஆரம்பிச்சுட்டா.

மெஷின் நின்னு பீப் பீப்னு கத்துது. திறக்கணும்னே நம்மாளுக்குத் தோணல.

"என்னங்க எழுதுறீங்க?"

அவ தலையே நிமிரல.

"அந்த நாவலைத்தாங்க. பதினோரு மாசமா நான் இன்னும் எழுதியே முடிக்கல."