திகில் பூஜ்யம்

தூத்துக்குடி ஜெசிந்தாவுக்கு ஒரு பதிப்பகத்துக்காக காமிக்ஸ் படிப்பதுதான் வேலை. மணிக்கட்டில் கட்டிய பட்டை அவள் நாடித்துடிப்பைப் பார்த்து மதிப்பெண் போடும். அவள் வாயால் சொல்லும் கருத்தை யாரும் கேட்பதில்லை. அவளுக்குப் பயம் வராத பேய்க்கதை திகில் வரிசையில் அச்சேறாது.

பிரபல எழுத்தாளர் ஆதவராயனின் புதிய பேய்க்கதைக்குப் பட்டை போட்ட மதிப்பெண்: திகில் பூஜ்யம், அமைதி நூறு. உடனே அவரே போனில் வந்துவிட்டார்.

“என்னம்மா, படிக்கும்போது தூங்கிட்டீங்களா?”

“ஐயோ, இல்ல சார். அழுதுட்டேன். அந்தப் பேய்ப்பிள்ளை புத்தகம் முழுக்க மழையில நனைஞ்சுகிட்டே கதவத் தட்டுது. உள்ள வான்னு ஒருத்தரும் சொல்லல. மனசு கேக்காம அதுக்காக ஒரு ஜெபம் சொன்னேன். அப்புறந்தான் நெஞ்சு லேசாச்சு.”

“பேய்க்கு ஜெபமா! அச்சகத்துல காகிதம் வந்து இறங்கிருச்சும்மா. இப்ப நான் என்ன செய்ய?”

“வேணும்னா இன்னொரு தடவ படிக்கேன் சார். ஆனா மறுபடியும் ஜெபந்தான் வரும்.”

ஆதவராயன் எழுதிய பேய்களுக்காக இதுவரை யாரும் அழுததில்லை.

“கதவத் திறந்தா அந்தப் பொண்ணு என்னம்மா கேப்பா?” என்றார், குரலைத் தாழ்த்தி.

“தல துவட்ட ஒரு துண்டு கேப்பா சார். வேற என்ன?”

புத்தகம் புது முடிவோடு குடும்பக்கதை வரிசையில் வெளிவந்தது. கடைசிப் படத்தில் பேய் தலையில் துண்டோடு தோசை சாப்பிடுகிறது. அதுவரை கதவைத் திறக்காமல் கட்டிலுக்கு அடியில் அலறிக்கொண்டிருந்த வீட்டுக்காரர், “சட்னி போதுமாம்மா?” என்று கேட்கிறார்.