மிளகாய்ப் பொடிக் காட்டெருது

மிளகாய்ப் பொடி டப்பா சுத்தமாகக் காலி. தொத்திறைச்சிக்கென்று எலாடியா வாங்கி வைத்திருந்தது எங்கே போயிற்று என்று கேட்கவே தேவையில்லை. புருஷன் சத்தூர்னினோவின் பத்து விரலும் சிவந்திருந்தன.

அவளுக்குப் பகீரென்றது. அவர்களுடைய மேய்ச்சல் நிலத்துக் குகையில் மழைக்கு ஒதுங்கிய மலையேறிகள் இருவர், சுவரில் சிவப்பாக ஏதோ பார்த்தோம் என்று மேயரிடம் சொல்லிவிட்டுப் போய் ஒரு மாதம் ஆகிறது. அதைச் சோதிக்க இன்று சாந்தாந்தேர் நகரத்திலிருந்து நிபுணர் வருகிறார்.

ஆதிமனிதர் வரைந்ததுதான் என்று உறுதியானால் போதும், பக்கத்து ஊருக்குப் போகிற சுற்றுலா பஸ்ஸெல்லாம் இங்கே திரும்பிவிடும் என்று மேயர் கனவில் மிதந்தார். குலச்சின்னம் செதுக்கிய பழைய கல்வீடுகள் நம்மிடம் இல்லையா, குகை ஒன்றுதானே குறைச்சல் என்று மதுக்கடையிலும் அதே பேச்சு. தன் புருஷனுக்கும் அந்தக் கிறுக்குப் பிடித்துவிட்டதே என்று எலாடியா பொருமினாள்.

"அடுத்த பள்ளத்தாக்குல லெயோன்சியோ கதி என்னாச்சு? குகைன்னாங்க, அவன் மேய்ச்சல் நிலத்தைச் சுத்தி வேலி போட்டாங்க, மாட்டையெல்லாம் வித்துட்டு மக வீட்டுல உக்காந்திருக்கான். நமக்கு இருக்கறதே இந்தப் புல்வெளிதான்யா. இதுல பொய்யா வேற வரைஞ்சு மாட்டிக்கப் போறியா?"

சத்தூர்னினோ சீட்டியடித்துக்கொண்டே பூட்ஸை மாட்டினார்.

நிபுணர் ஓலாயா டார்ச்சோடு குகைக்குள் நுழைந்தார். பின்பக்கம் கூரைவரை வைக்கோல் கட்டுகள் அடுக்கியிருந்தன. மழைக்காலத் தீவனம் மேடம், காலைப் பார்த்து வையுங்கள் என்று சத்தூர்னினோ முன்சுவரைக் காட்டினார்.

அங்கே நின்றது ஒரு காட்டெருது. அதற்குக் கால் ஐந்து, கொம்பு ஒன்று. எலாடியாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

துடைக்க ஏதாவது துணி கிடைக்குமா என்று ஓலாயா கேட்டு வாய்மூடவில்லை, சத்தூர்னினோ பையிலிருந்து ஈரத்துணியை எடுத்து நீட்டினார். ஒரே இழுப்பில் காட்டெருதின் இரண்டு கால் துணியோடு வந்தது. ஓலாயா அதை முகர்ந்தார், மூன்று முறை தும்மினார்.

"இது எந்தக் காலத்துப் படம்னு நினைக்கிறீங்க?"

"ரொம்பப் பழசு மாதிரிதான் தெரியுது, மேடம்."

"போன வாரம்னு நான் நினைக்கிறேன்."

கோபிக்கக்கூட இல்லை அந்தம்மா. சிரித்தபடி தாளில் 'போலி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இதற்காக இனி யாரும் இவ்வளவு தூரம் வரத் தேவையில்லை என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினார்.

மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. மதுக்கடையில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எதிரே வந்த மேயர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். எலாடியா தலையைக் குனிந்தபடி வீட்டுக்கு வந்து அவரைக்காய்க் குழம்புச் சட்டியை மேஜைமேல் டொம்மென்று வைத்தாள்.

"முப்பத்தொரு வருஷமா இந்த ஊர்ல தலை நிமிந்து நடந்தேன், எல்லாம் போச்சு. ஊரை ஏமாத்தறதுன்னு ஆச்சு, அதைக் கொஞ்சம் உருப்படியாவாவது வரையக்கூடாதா?"

சத்தூர்னினோ நிதானமாக ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்தார்.

"நல்லா வரைஞ்சிருந்தா அந்தம்மா நம்பியிருப்பாங்க. நம்பியிருந்தா வைக்கோலை நகத்திட்டு இன்னும் உள்ள போய்ப் பாத்திருப்பாங்க."

"பாத்தா என்னவாம்?"

"உள்ள இருக்கறது நான் வரைஞ்சது இல்ல, எலாடியா."