லைன் கிளியர்

கம்பத்தின் உச்சியில் நின்று அவள் சிரித்தாள்.

சிரிக்கச் சொன்னார்கள்.

கீழேயிருந்து போட்டோகாரர், இன்னும் கொஞ்சம் என்றார். இன்னும் கொஞ்சம் சிரித்தாள்.

'மின்பணியில் மகளிர்: அனைவரும் சமம்' விழா மலருக்கு அட்டைப்படம். பின்னால் ஆபீஸ் போர்டு தெரியட்டும் என்று இந்தக் கம்பத்தைத் தேர்ந்தெடுத்தவர் உதவிப் பொறியாளர்.

கம்பியில் கரண்ட் இல்லை. பத்தே முக்காலுக்கே, கரண்டை நிறுத்திக் கம்பத்தில் ஏற அனுமதிக்கிற லைன் கிளியரை வாங்கி, புத்தகத்தில் கையெழுத்துப் போட்டு, சுவிட்சை இறக்கிப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டுதான் ஏறினாள். வேலை முடிந்ததும் சாவியோடு போய் இன்னொரு கையெழுத்து. அது விழும்வரை அந்த லைனில் கரண்ட் விடக் கூடாது. ஏறியவர் உயிருக்கு அந்தக் கையெழுத்துதான் காவல்.

அந்த லைனில் இருந்தவை இரண்டே கட்டடம். ஆபீஸ். விழா மண்டபம்.

ஜெனரேட்டர் கிடையாது. கரண்ட் ஆபீசுக்கு எதற்கு என்று வாங்கவில்லை.

உச்சியிலிருந்து பார்க்கப் புதுக் கதவு தெரிந்தது. ரோஸ் நிறம். பூ வைத்த பெண் தலை ஒன்று வரைந்து, குறுக்கே ரிப்பன் கட்டியிருந்தார்கள்.

மகளிர் கழிப்பறை.

வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம். மூன்று வருஷமாக அவள் காலையில் தண்ணீர் குடிப்பதில்லை. சாயங்காலம் வீட்டுக்குள் செருப்போடு ஓடுவாள். ஸ்கேன் பார்த்த டாக்டர், கிட்னிக்குள்ளே இவ்வளவு ஜல்லி கிடக்கிறதே, வீடு கட்டப் போகிறாயா என்று கேட்டார்.

இன்றைக்குத்தான் துணிந்து இரண்டு டம்ளர் குடித்துவிட்டு வந்திருந்தாள்.

இறங்கினாள். ரிப்பனுக்கு அடியில் குனிந்து கதவைக் கொஞ்சமாகத் திறந்தாள்.

எரிந்துபோன மீட்டர்கள், கூரை வரைக்கும். அவற்றின் உச்சியில், அட்டைப்பெட்டியை விட்டு இன்னும் வெளியே வராத ஒரு பீங்கான். குழாய் இல்லை. குழாய் வருவதற்கு ஓட்டையும் இல்லை.

பின்னால் வந்த பொறியாளர் கதவை மெதுவாகச் சாத்தினார்.

"இன்னிக்குத் திறப்பு விழா மட்டும்தாம்மா. உபயோகம் பின்னால."

எதையும் எழுத்தில் கொடுக்கிற மனிதர் அவர். அவளுக்கும் ஒன்று கொடுத்திருந்தார், சேர்ந்த புதிதில். போர்மேன் தங்கமாரியின் மனைவிக்குப் பிரசவ வலி என்று போன் வந்து, அவர் போட்டது போட்டபடி ஓடினார். அவர் எடுத்த லைன் கிளியரை இவள் கையெழுத்திட்டுத் திருப்பினாள். மறுநாள் மெமோ.

'லைன் கிளியரை எடுத்தவரே நேரில் வந்து திருப்ப வேண்டும். பிறர் திருப்பினாலோ, போனில் சொன்னாலோ செல்லாது. எவர் பொருட்டும் விலக்கு இல்லை.'

தப்புதான். ஒத்துக்கொண்டாள்.

ஆனால் நாற்பது பேர் முன்னால் அதை வாசித்து முடித்து, மெமோவில் இல்லாத ஒரு வரியையும் பொறியாளர் சேர்த்தார். "இதுக்குத்தான் பொம்பளையாளு வேண்டாம்னேன்."

நாற்பது பேரும் சிரித்தார்கள்.

அவர்களை யாரும் சிரிக்கச் சொல்லவில்லை.

தலைமைப் பொறியாளரின் கார் உள்ளே நுழைந்தது. மேளம். எல்லோரும் மாலையோடு வாசலுக்கு ஓடினார்கள்.

அவள் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். வேறென்ன செய்வது. அவசரம். வீடு பதினெட்டு கிலோமீட்டர், இரண்டு பஸ் மாற வேண்டும்.

பஸ்ஸில் போகும்போது தங்கமாரி போனில் கூப்பிட்டார்.

"எங்க தாயி இருக்க? இங்க மைக்கு செத்துக் கெடக்கு."

"கக்கூஸுக்குப் போறேன் அண்ணாச்சி."

"எந்தக் கக்கூஸுக்கு?"

"எங்க வீட்டுக்கு."

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

அடுத்து பொறியாளர். குரலில் அவ்வளவு தேன்.

"போன்ல ஒரு வார்த்தை சொல்லும்மா. பூட்ட உடைச்சு நானே போட்டுக்கிறேன்."

"போன்ல சொன்னா செல்லாதுல்லா சார்."

சுத்தியலைக் கொண்டுவரச் சொல்லி அவர் யாரையோ விரட்டுவது கேட்டது.

"பூட்ட உடைச்சிரலாம் சார். கையெழுத்த எப்படி உடைப்பீங்க?"

அவள் வீட்டுக் கழிப்பறையிலிருந்து வெளியே வந்தபோது வாசலில் ஆபீஸ் ஜீப் உறுமிக்கொண்டு நின்றது. ஸ்டியரிங்கில் தங்கமாரி. முகத்தில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாமல் வைத்துக்கொள்ளப் பெரும்பாடு படுவது தெரிந்தது.

ஜீப்பில் இருந்தபடியே செய்தி சொன்னார்.

தலைமைப் பொறியாளர் ரிப்பனை மட்டும் வெட்டிவிட்டு மேடை ஏறினாராம். சித்திரை வெயில், மின்விசிறி கிடையாது. சமத்துவத்தைப் பற்றி வெறும் வாயால் அரை மணி நேரம் கத்தினாராம். தொண்டை காயக் காய இளநீராகக் கொடுத்தார்களாம். ஐந்தாவது இளநீரில் எழுந்துவிட்டார். அதிகாரிகள் கழிப்பறையில் மோட்டார் ஓடாமல் டேங்க் காலி. நேரே ரோஸ் கதவுக்கு ஓடியிருக்கிறார். ஐயா, அது லேடீஸ் என்று பொறியாளர் குறுக்கே விழுந்தாராம்.

"'அனைவரும் சமம்தானய்யா'ன்னு கதவ இழுத்திருக்காரு தாயி."

"பெறவு?"

"மீட்டர் பூராவும் அவர் மேலதான்."

அவள் வாசலில் இருந்த குடத்திலிருந்து ஒரு சொம்பு மொண்டு குடித்தாள். நிதானமாக. இன்னொரு சொம்பும்.

"பொறியாளர் ஒத்தையில மீட்டர அள்ளிக்கிட்டு கெடக்காரு. நீ வந்தாத்தான் காத்து வரும். போவமா?"

அவள் மூன்றாவது தடவையாகச் சொம்பைக் குடத்துக்குள் விட்டாள்.

தங்கமாரி சொம்பைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

ஜீப்பை அணைத்தார்.