சூடு நிற்காத ஃப்ளாஸ்க்

“காபி சீக்கிரம் ஆறிப்போற மாதிரி ஃப்ளாஸ்க் இருக்கா?”

கடைக்காரர் திகைத்தார். “எல்லாரும் சூடு நிக்கணும்னுதான் சார் கேப்பாங்க!”

“ஆபீஸ் மீட்டிங்குக்கு. போன மாசம் தெரியாத்தனமா நல்ல ஃப்ளாஸ்க்கா வாங்கிட்டோம். அதுல காபி சூடா இருக்கிற வரைக்கும் ஒருத்தரும் எழுந்திரிக்கிறதில்லை. நான் வீட்டுக்குப் போறதுக்குள்ள பொண்ணு தூங்கிடுறா. அப்பா ஊர்லதான் இருக்காரான்னு கேக்குறாளாம்.”

கடைக்காரருக்கு மனம் இளகிவிட்டது. மூடி சரியாகப் பொருந்தாத ஒன்றைத் தேடி எடுத்து, பாதி விலைக்குக் கொடுத்தார்.

“பாவம் சார் நீங்க. உங்க மேனேஜர் அவ்வளவு அறுவையா?”

“நான்தாங்க மேனேஜர்.”

“அப்ப, சீக்கிரம் முடிங்கன்னு நீங்களே சொல்லலாமே!”

“சொன்னேனே,” என்று ஃப்ளாஸ்க்கை மார்போடு அணைத்துக்கொண்டார் அவர். “அதைப் பத்திப் பேச நாளைக்கு ஒரு மீட்டிங் போட்டிருக்காங்க.”