பூதக்கண்ணாடியின் சத்தம்

காசுகளுக்குக் கால் இருந்த காலத்தில் ஒரு பூதக்கண்ணாடி இருந்ததாம். அச்சடிக்கும்போதே பிழையோடு பிறந்த காசுகளைத் தேடிப் பிடித்து வெல்வெட் பெட்டியில் உட்கார வைப்பது அதன் வேலை.

ஒரு நாள் நசுங்கிய காசு ஒன்று வந்து நின்றது. “அண்ணே, நான் பிறவியிலேயே இப்படித்தான்.”

“எழுத்து ஒழுங்கா விழுந்து, அதுக்கு மேலதானே அடி பட்டிருக்கு? எந்தத் தண்டவாளத்துல போய்ப் படுத்தே?”

“சும்மா… ஒரே ஒரு கூட்ஸ் வண்டிதான் ஏறிச்சு.”

“அடச்சே! சுத்தியல் அடி வாங்கினது, அடுப்புல வெந்தது, எல்லாம் பிறவியாம்! கோணல்மாணலா இனி ஒருத்தனும் என் கண்ணுல படக்கூடாது!” கண்ணாடி போட்ட சத்தம் வாசல்வரை கேட்டது.

சற்று நேரத்தில் இன்னொரு காசு பளபளவென்று உள்ளே வந்தது. “அண்ணே, அச்சடிச்சப்பவே எனக்கு எழுத்தெல்லாம் இரட்டை இரட்டையா விழுந்திருந்தது.”

கண்ணாடிக்கு மூச்சே நின்றது. “ஆயுசு முழுக்க உன்னைத்தானே தேடுறேன்! எங்கே, காட்டு!”

“நீங்க திட்டினது வாசல்ல கேட்டுச்சு. பயந்துபோய் அரத்தால ராவி, புளி போட்டுத் தேய்ச்சுட்டேன். இப்போ ஒரு கோணலும் இல்லை, பாருங்க.”

கண்ணாடி தலையில் அடித்துக்கொண்டது.

“அப்போ பெட்டியில அந்த இடம் காலிதானே அண்ணே?” என்றது, இன்னும் போகாமல் ஓரமாக நின்ற நசுங்கிய காசு.

கண்ணாடி பெட்டியை அங்கேயே போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடையைக் கட்டியது.