சகலை முந்திக்கொண்டார்

விமானம் இறங்குமுன் ஓடுபாதையில் கல், ஆணி ஏதாவது கிடக்கிறதா என்று ஜீப்பில் போய்ப் பார்த்து, வயர்லெஸ்ஸில் டவருக்குச் சொல்வது இவர் வேலை. கூட வேலை பார்த்த சகலைதான் முப்பது வருஷமும் முந்திக்கொண்டு நல்ல பேர் வாங்கினார். போன மாசம் சகலை செத்துப்போனார். இவருக்கு உள்ளுக்குள் நிம்மதி.

மறுநாளே டவருக்குப் புதிதாய் வந்த பெண் சொன்னாள்: “சுத்தம்னு உங்க சகலை அப்பவே சொல்லிட்டாரே சார்.”

தினமும் அதே கதை. இவருக்குப் பயம் வரவில்லை, வயிறுதான் எரிந்தது. செத்தும் விடமாட்டேன் என்கிறானே!

இன்று அரை மணி முன்னதாகவே போய், “சுத்தமா இருக்கும்மா” என்றார்.

“இல்லையே சார். நடுவுல ஒருத்தர் விழுந்து கிடக்கிறதா சகலை சொல்றாரே. நம்ம யூனிஃபார்ம்தானாம்.”

“அவன் கண்ணுல பட்டது என் கண்ணுல படாதா?” என்று ஜீப்பை ஓடுபாதை நடுவிலேயே நிறுத்திவிட்டு, தேடிப் பார்க்க இறங்கினார்.