அறுபது நாள் கெடு

"எவன்யா பிளக்கோட வடிவத்தை மாத்தினது? என் குடோன்ல பத்து லட்சம் பிளக் கிடக்கு. இனிமே எந்தக் கம்ப்யூட்டர்ல அதைச் சொருகுறது?"

கம்ப்யூட்டர் இணைப்புகளுக்கு அளவு நிர்ணயிக்கும் கூட்டமைப்பின் அலுவலகத்தில் பிளக் கம்பெனி முதலாளி வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். செயலாளர் நிதானமாகக் கோப்பைப் புரட்டினார். ஒரு காலத்தில் இதே முதலாளியிடம் இன்ஜினீயராக இருந்தவர்தான் அவர்.

"உறுப்பினர் எல்லாரும் சம்மதிச்சுத்தான் மாத்தினோம் சார். நீங்களும்தான்."

"நானா? எப்போ?"

"அறுபது நாளுக்குள்ள மறுப்பு வரலைன்னா சம்மதம்னு கணக்கு. நீங்க கையெழுத்துப் போட்ட விதிதான்."

"எனக்குக் கடிதமே வரலையே."

"மூணு தடவை அனுப்பினோம். உங்க ஆபீஸ்ல வாங்கிக்கிட்டதுக்குக் கையெழுத்து இதோ இருக்கு."

முதலாளி தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தார்.

பத்து வருடத்துக்கு முன், பிளக் சூடாகிறது என்று இன்ஜினீயர் எழுதிய கடிதத்தைப் பிரிக்காமலேயே கிழித்தவர் அவர். "இனிமே உன் பேர் போட்டு எது வந்தாலும் நேரா குப்பைக்குத்தான்" என்று சொல்லித்தான் வேலையை விட்டுத் துரத்தினார்.

சொன்ன சொல் தவறாத மனிதர் என்பது செயலாளருக்குத் தெரியும்.

மற்ற உறுப்பினர்களுக்கெல்லாம் கூட்டமைப்பின் முத்திரை போட்ட உறை போனது. இவருக்கு மட்டும், அனுப்புநர் இடத்தில் தன் பெயரைத் தன் கையாலேயே கொட்டை எழுத்தில் எழுதி அனுப்பியிருந்தார்.